எஜெக்டரின் தொண்டையும் பக்கிரிசாமியின் நீராவியும்

முப்பது வயதில் ஓய்வு பெற்றவள் என்று என்னை அறிமுகப்படுத்திக்கொள்வதில் எனக்கு வெட்கமே இல்லை. கேட்பவர்களுக்குத்தான் சங்கடம். "வேலைய விட்டுட்டேன்னு சொல்லித் தொலையேன்டி, அது என்ன ரிடையர்டு?" என்கிறாள் அம்மா. வேலையை விட்டவள் வேறு கம்பெனியில் சேர வேண்டும். நான் பார்த்த வேலையே இப்போது எந்தக் கம்பெனியிலும் இல்லை. வெளியூரிலிருந்து ஒரு சாஃப்ட்வேர் வாங்கி மாட்டினார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள். சீர்காழி பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். சால்வை போர்த்திவிட்டால் அது ஓய்வுதான், அதில் வயதுக்கு என்ன வேலை?

போன வாரம் காலேஜ் ஜூனியர்கள் வாட்ஸ்அப்பில் வந்தார்கள். "அக்கா, எங்க ப்ராஜெக்ட் ஸ்டீம் ஜெட் எஜெக்டரோட மேத்தமேட்டிக்கல் மாடலிங். நீங்க அதுலயே இருந்தீங்களாமே, உங்க அனுபவத்தை எழுதித் தாங்களேன்." சமன்பாடு கேட்டிருந்தால் ரெண்டு பக்கத்தில் முடித்திருப்பேன். அனுபவம் கேட்டுவிட்டார்கள். அனுபவிக்கட்டும்.

எஜெக்டர் என்பது ஒரு குழாய், அவ்வளவுதான். உள்ளே சுற்றுகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. அதன் தலைமாட்டில் நீராவியைப் பீய்ச்சும் ஒரு நாசில், அதற்கு நடுவில் ஒரு குறுகலான தொண்டை. பாய்லரிலிருந்து வரும் நீராவி அந்தத் தொண்டைக்குள் முண்டியடித்து நுழைந்து, மறுபக்கம் ஒலியைவிட வேகமாகப் பாயும். மினிபஸ் பறந்தால் ரோட்டில் காயப்போட்ட வைக்கோல் பின்னாலேயே ஓடுமே, அந்த மாதிரி பக்கத்துப் பாத்திரத்தில் இருக்கிற காற்றையும் ஆவியையும் இழுத்துக்கொண்டு போய்விடும். பாத்திரம் காலி. அதற்குப் பெயர் வேக்குவம்.

எங்களுடையது மயிலாடுதுறையைத் தாண்டி, சம்பா வயல்களுக்கு நடுவில் ஒரு தவிட்டு எண்ணெய் ஆலை. எண்ணெய் எடுக்கத் தவிடு, பாய்லரில் எரிக்க உமி, இரண்டுக்கும் டெல்டாவில் குறைவில்லை. தவிட்டு எண்ணெய் முதலில் நனைந்த சாக்கு மாதிரி நாறும். டியோடரைசர் என்ற உயரமான பாத்திரத்தில் காற்றில்லாமல் சூடாக்கினால் அந்த நாற்றம் ஆவியாகிப் போய்விடும். காற்றில்லாமல் வைப்பது எஜெக்டரின் வேலை. எஜெக்டர் படுத்தால் எண்ணெய் நாறும். எண்ணெய் நாறினால் முதலாளி வருவார். ஆலையின் மொத்தத் தத்துவமும் இதற்குள் அடக்கம்.

என் வேலை அந்த எஜெக்டரைக் கம்ப்யூட்டருக்குள் கணக்காக ஓட்டிப் பார்ப்பது. நீராவியின் அழுத்தம், நாசில் தொண்டையின் விட்டம், குளிரவைக்கிற தண்ணீரின் சூடு, எல்லாம் கொடுத்தால் எவ்வளவு வேக்குவம் வர வேண்டும் என்று மாடல் சொல்லும். வரவில்லை என்றால் எது கெட்டிருக்கிறது என்று தேடலாம். ஆலைப் பாஷையில் இதற்கு, யாரைத் திட்டலாம் என்று பொருள்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணை மறைக்கிற ஹெல்மெட் ஒன்று கொடுத்தார்கள். பெண்கள் கழிவறை எங்கே என்று கேட்டதற்கு, கட்டப் போகிறோம் என்றார்கள். காலேஜில் நான்கு வருஷம் படித்ததை ஆலையில் "அந்தக் கலர் கலரா கோடு போடுமே, அது" என்று அழைப்பார்கள் என்பதைத் தெரிந்துகொண்டேன். பயிற்சி முடிந்தது.

எங்கள் பிளாண்ட் மேனேஜர் தியாகராஜன் சார் குரலை உயர்த்தவே மாட்டார். உயர்த்த வேண்டிய அவசியம் வந்ததில்லை. எல்லோரும் அவர் பக்கம் குனிந்து கேட்டுப் பழகிவிட்டார்கள். எதையும் "அதாவது" என்றுதான் ஆரம்பிப்பார், ஏற்கனவே நாம் கேட்டு நமக்குப் புரியாமல் போன ஒன்றை மறுபடி விளக்குவது மாதிரி. கைக்குட்டையை நான்காக மடித்து மேஜையில் வைத்து, அதன் மேல்தான் காபி டம்ளரை வைப்பார். நான் மூன்று வாரம் மல்லுக்கட்டிப் போட்ட வரைபடத்தைத் தூரத்தில் வைத்துப் பார்த்து, "அதாவது நிவேதா, இந்த நீலம் கண்ண உறுத்துதும்மா" என்பார். "கணக்கு என்ன சொல்லுது?" என்று அவர் கேட்டால், தான் சொன்னதைச் சொல்லுதா என்று அர்த்தம்.

அந்த எஜெக்டரை நிறுவியதே அவர்தான். சின்ன வயதில், தன் கையால், ஒவ்வொரு போல்ட்டாக. ஆகவே அது அவருக்கு எஜெக்டர் இல்லை, 'அவ'. "அவ இன்னிக்கு மூச்சு வுட கஷ்டப்படறா" என்பார். முதல் முறை கேட்டபோது வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று நினைத்து, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டுவிட்டேன்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆலை நிற்கும். அவரவர் இயந்திரத்தை அவரவர் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். தியாகராஜன் சார் மட்டும் எஜெக்டரின் நாசிலைக் கழற்றச் சொல்லுவார். கழற்றியபின் வேறு யாரும் தொடக்கூடாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்காருவார். நாசில் வெண்கல ஜாதி; ஆகவே வீட்டுக் குத்துவிளக்குக்கு நடப்பது எல்லாம் அதற்கும் நடக்கும். புளித்தண்ணீரில் ஊறும். தேங்காய் நாரால் தேய்படும். பிறகு உப்புத்தாளை ஒரு மூங்கில் குச்சியில் இறுக்கிச் சுற்றி, தொண்டைக்குள் விட்டு, ஏதோ ஸ்லோகத்தை முணுமுணுத்துக்கொண்டே திருகுவார். ஸ்லோகம் முடியும்வரை திருகுவார். பெரிய ஸ்லோகம். கடைசியில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். உள்ளே கண்ணாடியாகப் பளபளத்தால்தான் சந்தனப் பொட்டும் வாழையிலையும் சூடமும். நாங்கள் சுற்றி நின்று கும்பிடுவோம். நானும் பக்தியோடுதான் கும்பிட்டேன். பொரியில் முந்திரி கிடக்கும்.

அப்படி ஒரு பூஜை முடிந்து ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்ட வாரத்தில், எஜெக்டர் கையை விரித்துவிட்டது. கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டு முன்கூட்டியே சொல்லிவிடுகிற நல்ல பிள்ளை இல்லை அது. தாங்கும், தாங்கும், ஒரு எல்லை தாண்டினால் மொத்தமாக வேக்குவத்தைக் கீழே போட்டுவிடும். எண்ணெய் நாறியது. பாட்டிலில் அடைப்பவர்கள் முழு டேங்கர் எண்ணெயைத் திருப்பி அனுப்பினார்கள். வெள்ளிக்கிழமை முதலாளி வருவதாகத் தஞ்சாவூரிலிருந்து போன் வந்தது.

தியாகராஜன் சார் கண்டுபிடிப்பதற்கு ஒரு காபி நேரம்கூட ஆகவில்லை.

"அதாவது, மழைல உமி நனைஞ்சுபோச்சு. நனைஞ்ச உமிய பக்கிரிசாமி அவன் பாட்டுக்கு அள்ளிப் போடறான். நெருப்பு நிக்கல. ஸ்டீம்ல தண்ணி கலந்து வருது. வருஷா வருஷம் இந்த சீசன்ல அவ தடுமாறுறது அதனாலதான். உன் மாடல்ல அதைக் காட்டிடு. மாசக் கடைசில அவனை அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"மாடல்ல பாத்துட்டுச் சொல்றேன் சார்."

"பாக்கறதுக்கு என்னம்மா இருக்கு? காட்டறதுதான் பாக்கி."

பக்கிரிசாமி அண்ணன் எங்கள் பாய்லர் ஆபரேட்டர். அப்பாவி உழைப்பாளி என்று நினைத்து யாரும் கண் கலங்க வேண்டாம். வாயைத் திறந்தால் பீற்றல்தான். பாய்லர் சர்டிபிகேட்டைக் கண்ணாடி போட்டுப் பாய்லர் கொட்டகைச் சுவரில் மாட்டி, அதற்கு மாலை வேறு போட்டிருந்தார். புதிதாய்ப் பார்ப்பவர்கள் அதில் இருக்கும் போட்டோவைப் பார்த்து, இவர் எப்போது இறந்தார் என்று கேட்பார்கள்.

நான் போனபோது உமிக் குவியலின் மேல் தார்ப்பாயை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னா மேடம், நோட்டம் பாக்க அனுப்புனாரா ஒங்க சாரு?"

"உமி நனைஞ்சிருக்கா அண்ணே?"

"மழ பேஞ்சா நனையாம பின்ன பொரியுமா? நனஞ்சத தள்ளிப் போட்டு, காஞ்சத பாத்து வுடுறது என் வேல. என் ஸ்டீமுல ஈரத் துணிய காட்டுனா துணி காஞ்சிரும், தெரியுமா? தஞ்சாவூர் ஜில்லாவுல இப்புடி ஒரு ஸ்டீம எவனாச்சும் எடுத்துருவானா?"

"அப்ப எஜெக்டர் ஏன் வேலை செய்யல?"

"அந்த ஊதுற கொழாயா? அது எனக்கு என்னா தெரியும்? எவனோ கண்ணு வச்சிட்டானுவோ. பூசணிக்கா சுத்தி ஒடைக்கச் சொல்லு."

அறிவியல் அத்துடன் முடிந்தது. நான் திரும்பியபோது பின்னாலேயே வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"யம்மா. தண்ணி ஸ்டீம் குடுத்து ஆலைய நிறுத்துனவன்னு பேரு எடுத்துட்டு வெளில போனா, எந்த ஆலையில என்னய பாய்லரு பக்கத்துல வுடுவான்? நெசத்தச் சொல்லு, ஒன் பொட்டியில என்னா எழுதப் போற?"

"இன்னும் ஓட்டலண்ணே."

"ஓட்டு, ஓட்டு. ஒன் ஓட்டுலதான் என் பொழப்பு இருக்கு" என்று உமியைக் காலால் எட்டிவிட்டுப் போனார்.

இனி ஜூனியர்கள் கவனிக்க வேண்டிய பகுதி. தொண்டையில் நீராவி ஒலியின் வேகத்தைத் தொட்டுவிட்டால், அதன் வழியே எவ்வளவு போகும் என்பதை மூன்று விஷயங்கள்தான் தீர்மானிக்கும்: நீராவியின் அழுத்தம், தொண்டையின் பரப்பு, நீராவியில் கலந்திருக்கும் தண்ணீர். எஜெக்டருக்குப் போகும் நீராவியை அளக்கிற மீட்டரோ, போக வேண்டியதைவிட நிறைய போவதாகக் காட்டியது. அழுத்தம் மாறவில்லை. ஆக, ஒன்று தண்ணீர் கலந்திருக்க வேண்டும், அல்லது தொண்டை பெரிதாகியிருக்க வேண்டும். தொண்டையின் விட்டத்தை அளந்து பார்க்க யாருக்கும் தோன்றியதில்லை. பழைய வரைபடத்தில் இருந்த எண்ணையே காலங்காலமாகப் போட்டுவந்தார்கள். உலோகம் என்ன, வளர்கிற பிள்ளையா?

முதலில் சார் சொன்னபடியே ஓட்டினேன். விட்டத்தைத் தொடாமல், தண்ணீரை மட்டும் ஏற்றிக்கொண்டே போனேன். மீட்டர் காட்டும் அளவுக்குக் கணக்கு வந்து சேர, நீராவியில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீராக இருக்க வேண்டும் என்றது மாடல். அவ்வளவு தண்ணீர் வந்தால் அது நீராவி இல்லை, வெந்நீர். குழாயெல்லாம் தவில் வாசித்திருக்கும். ஆலையோ அமைதியாக நாறிக்கொண்டிருந்தது.

அடுத்து கன்ட்ரோல் ரூம் கம்ப்யூட்டரில் இருந்த பழைய மீட்டர் கோடுகளைத் தோண்டினேன். மழையும் நனைந்த உமியும் காரணம் என்றால், பங்குனியில் உமி அப்பளமாக நொறுங்கும்போது கோடு இறங்க வேண்டும். இறங்கவே இல்லை. ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு முறை ஒரு சின்னப் படி ஏறுகிறது. அடுத்த வருஷம்வரை அப்படியே நேராகப் போகிறது. மறுபடி ஒரு படி. மழைக்கு இவ்வளவு நேர்த்தியாகப் படிக்கட்டு கட்டத் தெரியாது. படி ஏறிய இடமெல்லாம் மழை ஆரம்பித்த நாளும் இல்லை. ஆயுத பூஜை முடிந்து ஆலை ஓடத் தொடங்கிய நாள்.

ஒவ்வொரு படியிலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது விளங்கியபோது, குடித்துக்கொண்டிருந்த காபி மூக்கில் ஏறிவிட்டது. தொண்டை பெரிதாகப் பெரிதாக நீராவி தேவைக்கு மேல் பாய்ந்து, அடுத்து இருக்கும், நீராவியைக் குளிரவைத்துத் தண்ணீராக்குகிற கண்டென்சரைத் திணறடித்திருக்கிறது. இத்தனை வருஷம் தாங்கிய எஜெக்டர், இந்த வருஷத்து ஸ்லோகத்தைத் தாங்கவில்லை.

இதை அவரிடமே போய்ச் சொல்ல வேண்டும். மாடலிங் பாடத்தில் இந்த அத்தியாயம் கிடையாது.

"சார், நாசிலை ஒரு தடவை கழட்டி அளந்துடலாமா?"

"பூஜைக்குக் கழட்டினப்பதான் பாத்தேனேம்மா. கண்ணாடி மாதிரி இருந்துச்சு."

"அதான் சார் பயமா இருக்கு."

"அதாவது?" என்றார். அவர் அந்த வார்த்தையைக் கேள்வியாகக் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"தொண்டை தேஞ்சு பெருசாயிருக்கணும் சார். கணக்கு அப்படித்தான் வருது."

ஒரு விநாடி டம்ளரைப் பார்த்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது. "ஸ்டீம்ல தண்ணி வந்தா நாசில் அரிக்கத்தானே செய்யும்? பாத்தியா, நான் சொன்னேன்ல. பக்கிரிசாமிதான்."

மனிதர் லேசுப்பட்டவர் இல்லை. நான் எடுத்துவந்த கத்தியை வாங்கி, அதே பக்கிரிசாமியின் கழுத்தில் வைத்துவிட்டார். ஈர நீராவி நாசிலை அரிக்கும் என்பது பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது. ஆனால் தண்ணீர்த் துளி அரித்தால் உள்ளே அம்மை வடு மாதிரி குழி குழியாக இருக்கும். உப்புத்தாள் அரித்தால்தான் கண்ணாடியாக இருக்கும். ஆகப் பக்கிரிசாமி அண்ணன் இருப்பதும் போவதும் இப்போது ஒரே கேள்வியில் வந்து நின்றது: தொண்டைக்குள் சொரசொரப்பா, பளபளப்பா?

வெள்ளிக்கிழமை முதலாளி வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் இரண்டு போன், காலில் சேறு படக்கூடாதென்று நுனிக்கால் நடை. பக்கிரிசாமிதான் காரணம் என்று தியாகராஜன் சார் பேசி முடித்ததும், நான் குறுக்கே புகுந்து முதலாளியிடம் சொன்னேன். "எப்படியும் ஆலை நின்னுதான் கிடக்கு. கழட்டிப் பாத்துடலாம் சார். உள்ள குழி குழியா அரிச்சிருந்தா பக்கிரிசாமி அண்ணன்னு நானே எழுதித் தர்றேன்."

வாசலில் நின்றிருந்த பக்கிரிசாமி அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுக்கு என்று ஒரு நாகரிகம் இருக்கிறது.

"கழட்டுங்க" என்றார் முதலாளி.

நாசில் வந்தது. துளையை அளக்க, ஒவ்வொன்றும் ஓர் அளவில் கடைந்த எஃகு ஊசிகள் உண்டு. வரைபடத்து அளவு ஊசியைத் தொண்டைக்குள் விட்டேன். லேசாக உரசிக்கொண்டு இறங்க வேண்டியது, கிணற்றில் விட்ட கல்லாக விழுந்து மறுபக்கம் மேஜையில் உருண்டது. அடுத்த பெரிய ஊசி, அதுவும் விழுந்தது. அதற்கும் அடுத்தது, அதுவும்.

"பெருசாத்தான் ஆயிருக்கு" என்றார் சார் அமைதியாக. "தண்ணி பண்ற வேலை."

முதலாளி நாசிலை வாங்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்து உள்ளே பார்த்தார். பக்கிரிசாமி அண்ணன் சட்டைப் பையிலிருந்த சாமி படத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"உள்ள என்னங்க தியாகராஜன் இப்படி ஜொலிக்குது? புது நகை மாதிரி இருக்கே."

பழக்க தோஷம். சாரின் முகத்தில் அந்தப் பெருமை தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. "நான்தாங்க. என் கையாலயே போட்ட பாலிஷ்."

சொல்லி முடித்தபிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது.

"எத்தனை வருஷமா?" என்றார் முதலாளி.

"அவளை மாட்டினதுலேர்ந்துங்க."

முதலாளிக்குச் சிரிப்பை அடக்க ஒரு போனைக் காதில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதில் அழைப்பு எதுவும் வரவில்லை. பிறகு, "புது நாசிலுக்கு ஆர்டர் போடுங்க. பக்கிரிசாமி அவன் வேலைய பாக்கட்டும். இனிமே பூஜை வெளியோட நிக்கட்டும் தியாகராஜன், தொண்டைக்குள்ள வேணாம்" என்று சொல்லிவிட்டு நுனிக்காலில் காருக்குப் போனார். சார் நாசிலைக் கைக்குட்டையில் சுற்றினார். சுற்றியதைப் பிரித்து இன்னொரு முறை உள்ளே பார்த்தார். என்னை அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "இவ்ளோவாம்மா ஆயிடுச்சு?" என்று மட்டும் கேட்டார். அதற்கு எனக்கு நக்கலாக ஒன்றும் தோன்றவில்லை.

புது நாசில் வந்து மாட்டியதும் வேக்குவம் ஏறியது. எண்ணெயின் நாற்றம் போயிற்று. புது நாசிலின் விட்டத்தை அளந்து மாடலில் போட்டு, எல்லாக் கணக்கையும் புதிதாகச் சரிசெய்தேன். இப்போது நிஜத்துக்கும் கணக்குக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளிதான் மிச்சம்; நீராவியில் நாலு சதவீதம் தண்ணீர் என்று வைத்தால் அதுவும் அடைபட்டுவிட்டது. உமி பாய்லருக்கு நாலு என்பது நல்ல மதிப்பெண். கன்ட்ரோல் ரூம் திரையில் பெரிதாகவே போட்டுவைத்தேன்: நீராவி ஈரம், 4.

பக்கிரிசாமி அண்ணன் நன்றி சொல்ல வருவார் என்று எதிர்பார்த்த முட்டாள் நான். வந்தார். திரையைப் பார்த்தார்.

"அது என்னா நாலு?"

"ஸ்டீம்ல தண்ணிண்ணே. நாலு பர்சென்ட். ரொம்ப நல்ல..."

"யாரு ஸ்டீமுல?"

"உங்க..."

கதவு சாத்திய சத்தத்தில் கன்ட்ரோல் ரூம் குலுங்கியது. அவர் வேலை பிழைத்தது அந்த மாடலால்தான் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. அதே மாடல் அவர் நீராவியில் நாலு சொட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டது. ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் திரும்பிவந்தார், தனியாக இல்லை. பக்கத்தில், தோளோடு தோளாக, தியாகராஜன் சார்.

"அதாவது நிவேதா, பக்கிரிசாமி ஸ்டீம்ல தண்ணியே கிடையாதும்மா. எனக்கு நல்லாத் தெரியும். அந்த நாலை எடுத்துடு."

நான் எழுந்தே நின்றுவிட்டேன். "சார், இவர் ஸ்டீம்ல தண்ணின்னு வீட்டுக்கு அனுப்பப் பாத்ததே நீங்கதானே?"

"அது அப்போ. நாசில் கெட்டிருந்துச்சு."

"நல்லாக் கேளுங்க சார்" என்றார் பக்கிரிசாமி அண்ணன். "இந்தப் புள்ள பாட்டுக்கு நாலுங்குது, நாளைக்கு நாப்பதும்பா."

உலகத்தில் எந்த மாடலாலும் இந்த இரண்டு பேரை ஒரே பக்கம் நிறுத்தியிருக்க முடியாது. என்னுடையது நிறுத்தியிருக்கிறது. நான் உட்கார்ந்து, கீபோர்டை இழுத்துக்கொண்டேன்.

"சரி, எடுத்துடறேன். பூஜ்யம் போட்டுடறேன். ஆனா கணக்குல அந்த இடைவெளி அப்படியே நிக்கும். அதை வேற யார் தலையிலயாச்சும் போட்டாகணும். மிச்சம் இருக்கறது நாசில் ஒண்ணுதான். தொண்டை திரும்ப லேசா பெருசாயிருக்குன்னு எழுதிடவா சார்? அடுத்த தடவை முதலாளி வர்றப்ப திரையில பாத்து, புது நாசிலை யாரு தொட்டதுன்னு கேப்பாங்க. யாரு பேரை எழுதட்டும், சொல்லுங்க."

சார் பக்கிரிசாமியைப் பார்த்தார். பக்கிரிசாமி சாரைப் பார்த்தார். நான் விரலை விசையின் மேலேயே வைத்திருந்தேன்.

"நாலே இருக்கட்டும்" என்றார் பக்கிரிசாமி அண்ணன்.

"நாலு ஒண்ணும் பெரிய தண்ணி இல்லய்யா" என்று சார் அவர் தோளைத் தட்டி, டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனார்.